மயிலிறகும் பாரமே

என் தந்தையாரிடம் ஒரு கட்டை வண்டி இருந்தது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளை ஏற்றி முடித்ததும், மாடுகளைப் பூட்டுவதற்கு முன்னர், அவர் நுகத்தடியைத் தம் தோளால் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். பாரம் மிகுதியாகத் தெரிந்தால், "முன்பாரம், ஒரு மூட்டையைப் பின்னால் தள்ளு" என்பார். நுகம் தானாகவே மேலெழுந்தால், "பின்பாரம், முன்னால் இழு" என்பார். முன்பாரம் மாட்டின் கழுத்தை நோகச் செய்யும். பின்பாரமோ நுகத்தைக் கழுத்தைவிட்டு மேலே தூக்கி, கயிற்றால் தொண்டையை இறுக்கும். பள்ளிச் சிறுவனாயிருந்த நான் இவற்றையெல்லாம் ஆண்டுதோறும் கண்டவன். கண்டதனாலேயே கற்றுக்கொண்டேன் என்றும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எத்துணைப் பிழையானது என்பதை, ஐம்பது வயதை நெருங்கிய காலத்தில், கடல் கடந்த ஒரு நாட்டில், மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டப்பட்ட ஒரு சிறு வண்டி எனக்குக் கற்பித்தது. அந்தக் கதையைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2016ஆம் ஆண்டில் ஆயர் அவர்களின் அனுமதியுடன் அமெரிக்காவின் வடபகுதியிலுள்ள மினசோட்டா மாநிலத்திற்குப் பணியாற்றச் சென்றேன். வண்டிகளின் எண்பலகையிலேயே 'பத்தாயிரம் ஏரிகள்' என்று பொறித்துக்கொள்ளும் மாநிலம் அது. என் பங்கு, மாநிலத்தின் நடுப்பகுதியில் இருந்த ஒரு சிற்றூர். 2017ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஒரு ஞாயிறு பூசைக்குப் பின், ஒரு பெண்மணி என்னை அணுகினார். அவர் தொலைவிலுள்ள நகரம் ஒன்றில் வாழ்பவர். அவருடைய தந்தை மட்டும் எங்கள் ஊரில் தனியாக இருந்தார்.

"ஃபாதர், என் அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. அம்மா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதன் பின்னால் இழுத்துச் செல்ல ஒரு படுக்கை வண்டி செய்யப் போகிறாராம். ஏரி ஏரியாகச் சென்று தனியாகத் தங்கப் போகிறாராம். மோட்டார் சைக்கிளில் டிரெய்லர் கட்டுவதை உற்பத்தி செய்பவர்களே பல பேர் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார். தயவு செய்து தடுத்து நிறுத்துங்கள்" என்று கேட்டுக்கொண்டார். அவருடைய அச்சம் நியாயமானதாகவே எனக்குத் தோன்றிற்று. தடுத்து நிறுத்தும் எண்ணத்தோடுதான் மறுநாள் அந்தப் பெரியவரின் வீட்டிற்குச் சென்றேன்.

அவர் உயர்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்குத் தச்சு வேலை கற்பித்து ஓய்வுபெற்றவர். வண்டிக் கொட்டகையில் என்னை ஒரு முக்காலியில் அமரச் செய்து, கறுப்புக் காப்பி கொடுத்தார். நான் வாய் திறப்பதற்குள், "மகள் அனுப்பினாளா?" என்று கேட்டார். மறுக்க இயலவில்லை. அவர் சினங்கொள்ளவில்லை. "அவள் சொல்வது தவறில்லை. தவறாகக் கட்டினால் அது ஆளைக் கொல்லும். ஆகவேதான் சரியாகக் கட்டப் போகிறேன். பாருங்கள், பார்த்த பிறகு தடுக்கவேண்டும் என்று தோன்றினால் தடுங்கள்" என்றார்.

அவரும் அவர் மனைவியும் பல்லாண்டுகள் இரு சக்கர மோட்டார் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஏரிகளைச் சுற்றியவர்கள். பக்கவாதத்திற்குப் பின் அவருடைய இடக் காலில் வலுக் குறைந்துவிட்டது. ஓடும்போது இரு சக்கர வண்டி தானே நிமிர்ந்து நிற்கும். நிறுத்தும்போது காலூன்றித் தாங்க வேண்டும். அந்தத் தாங்குதல் அவரால் இயலவில்லை. ஆகையால் ஹோண்டா கோல்டு விங் என்னும் பெரிய வண்டியை, பின்புறம் இரண்டு சக்கரங்கள் உள்ளதாக மாற்றியமைத்த நிலையில் வாங்கியிருந்தார். அதை அவர்கள் 'டிரைக்' என்பர். அவருடையது 1,800 சி.சி. அளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின். எடை ஏறத்தாழ அரை டன். தரையில் படுத்து எழும் கூடார வாழ்வும் அவர் காலுக்கு இனி ஒத்துவராது. எனவே உட்கார்ந்தவாறே உள்ளே சென்று படுக்கத்தக்க, மரப்பெட்டி போன்ற ஒரு வண்டி தேவைப்பட்டது.

இத்தகைய வண்டிகள் அந்நாட்டிற்குப் புதியன அல்ல. 1930களிலேயே, முன்புறம் உருண்டும் பின்புறம் சரிந்தும் நீர்த்துளியின் வடிவத்தில் அமைந்த சிறு படுக்கை வண்டிகளை மக்கள் தம் வீட்டுக் கொல்லையிலேயே செய்துகொண்டனர். கைத்தொழில் இதழ்கள் அவற்றின் வரைபடங்களை வெளியிட்டன. உள்ளே இருவர் படுக்கலாம். பின்புறக் கதவை மேலே தூக்கினால் அங்கே ஒரு சமையல் மேடை இருக்கும். ஆனால் காருக்கென இன்று விற்கப்படும் நீர்த்துளி வண்டிகள் பெரும்பாலும் 400 கிலோவுக்கு மேற்பட்டவை. டிரைக்கின் பின்னால் அவ்வளவு பாரத்தைக் கட்டுவது அறிவுடைமையாகாது. ஏனெனில், இழுப்பதற்கு எஞ்சினிடம் ஆற்றல் இருந்தாலும், நிறுத்துவதற்குத் தடை வேண்டுமே! சிறிய டிரெய்லரில் தடை கிடையாது. இழுக்கும் வண்டியின் தடையே இரண்டையும் நிறுத்தியாக வேண்டும்.

"பொருள்களோடு சேர்த்து 150 கிலோ. அதற்கு மேல் ஒரு குண்டூசியும் கிடையாது" என்றார் பெரியவர். அவர்கள் பவுண்டுக் கணக்கில் நிறுப்பவர்கள். நான் கிலோவாக மாற்றித் தருகிறேன். அவரிடம் நீல அட்டை போட்ட ஒரு குறிப்பேடு இருந்தது. ஒவ்வொரு பொருளையும் தராசில் வைத்து, எடையை அதில் எழுதிய பின்னரே வண்டியில் பொருத்துவார். திருகாணிகளைக்கூட ஒரு கிண்ணத்தில் இட்டு நிறுத்தார். தடுக்கச் சென்ற நான் அன்று மாலை வீடு திரும்பும்போது, அடுத்த திங்களன்று பசை பூச வருவதாக வாக்களித்துவிட்டுத் திரும்பினேன்.

அந்த நீண்ட பனிக்காலம் முழுவதும், பணி ஓய்ந்த மாலைகளில் நான் அவருடைய கொட்டகைக்குச் சென்றேன். வெளியே பனி முழங்கால் உயரம் கிடக்கும். குளிரில் பசை இறுகாது என்பதற்காகக் கொட்டகைக்குள் ஒரு கணப்பு எரிந்துகொண்டே இருக்கும்.

வண்டியின் சுவர் எதனால் ஆனது என்று நினைக்கிறீர்கள்? நம் ஊரில் பெட்டிகளுக்குள் வைத்து அனுப்பும் தெர்மோகோல் இருக்கிறதல்லவா, அதன் இனத்தைச் சேர்ந்த, ஆனால் அதைவிடக் கெட்டியான நுரைப்பலகையினால்! வீட்டுச் சுவர்களில் குளிர் தடுப்பதற்காக அந்நாட்டில் அது எங்கும் விற்கப்படுகிறது. எட்டடி நீளமும் நான்கடி அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள ஒரு பலகை ஏறக்குறைய 2 கிலோதான் இருக்கும். அதே அளவில் முக்கால் அங்குலப் பிளைவுட் 30 கிலோவை நெருங்கும். "நுரையை நம்பி ஒரு மனிதன் படுக்கலாமா?" என்று கேட்டேன். அவர் ஆசிரியரல்லவா? கரும்பலகை இல்லாத குறையை ஒரு மரத்துண்டால் தீர்த்தார்.

ஒரு பலகை வளையும்போது அதன் ஒரு முகம் இழுபடுகிறது, மறுமுகம் அமுங்குகிறது, நடுப்பகுதிக்கு மிகக் குறைந்த வேலையே உண்டு. ஆகவே வலிமையான மெல்லிய தோல்களை இரு முகங்களிலும் வைத்து, அவை நெருங்கிவிடாதபடி இடையில் இலேசான ஒன்றை இட்டு ஒட்டினால் போதும். முழு மரத்தின் எடையின்றி அதன் விறைப்புக் கிடைத்துவிடும். 1940ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த 'மஸ்கிட்டோ' என்னும் ஆங்கிலேயப் போர் விமானத்தின் உடல், மெல்லிய பிர்ச் பிளைவுட்டுகளுக்கு நடுவே பால்சா என்னும் இலேசான மரத்தை வைத்து இம்முறையிலேயே ஆக்கப்பட்டது என்பதையும் அவர் எடுத்துரைத்தார். எங்கள் வண்டியில் உட்புறத் தோல் 3 மில்லிமீட்டர் பிளைவுட், நடுவில் நுரைப்பலகை, வெளிப்புறத் தோல் கித்தான் துணி. நீரில் கரையாத மரப்பசையைச் சிறிது தண்ணீர் விட்டு இளக்கி, கித்தானை நுரையின் மேல் விரித்து, பசையைத் தூரிகையால் ஊறும்வரை பூசினோம். காயக் காயக் கித்தான் இறுகிச் சுருக்கமின்றிப் பறைத்தோல்போல் ஆயிற்று. அதன் மேல் வீட்டுச் சுவருக்குப் பூசும் வண்ணம் மூன்று பூச்சு. அதுவே மழையைத் தடுக்கும்.

இந்த வேலையில் முதல் பிழையை நான் செய்தேன். ஒருநாள் மரப்பசை தீர்ந்துவிட, அலமாரியிலிருந்த வேறொரு பசைக் குப்பியை எடுத்து ஒரு மூலையில் பூசினேன். சிறிது நேரத்தில் நுரைப்பலகை வெயிலில் வைத்த வெண்ணெய்போல் உருகி, கை நுழையுமளவு பள்ளமாயிற்று! சில பசைகளிலுள்ள கரைப்பான் இவ்வகை நுரையைக் கரைத்துவிடும் என்று அப்போதுதான் அறிந்தேன். "விரைந்து உதவ வேண்டும் என்று நினைத்தேன்" என்றேன். "உதவுங்கள், ஆனால் குப்பியின் மேல் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்" என்றார் அவர் சிரித்துக்கொண்டே. அந்த அறிவுரையை அன்றே நெஞ்சில் பதித்திருந்தால் பின்னால் நேர்ந்தது நேர்ந்திராது.

ஏப்ரல் மாதத்தில் வண்டி உருப்பெற்றது. அகலம் நான்கடி, உயரம் ஓட்டுபவரின் தோளுக்கு மிகாத அளவு. அலுமினியச் சட்டமும் அச்சும் சக்கரங்களும் 58 கிலோ, தரை 14, சுவர்கள் 16, கூரை 10, கதவும் சன்னலும் 9, கித்தானும் பசையும் வண்ணமும் 12, விளக்குகளும் கம்பிகளும் 3. ஆக 122 கிலோ. மெத்தை, உறக்கப் பை, பத்து லிட்டர் தண்ணீர், சிறு அடுப்பு, துணிமணி, கருவிகள் எல்லாம் சேர்ந்து 26 கிலோ. மொத்தம் 148. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அவர், 'மீதி 2 கிலோ' என்று எழுதி அடியில் கோடிட்டார்.

விளக்குகளுக்கு நான்கு கம்பிகள்: வெள்ளை தரையிணைப்பு, பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடப்புறம், பச்சை வலப்புறம். இணைப்புக் குண்டு கழன்றாலும் வண்டி சாலையில் குத்தி நின்றுவிடாதபடி, ஏர்க்காலுக்கு அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகக் கட்டினார். ஏர்க்கால் விழுந்தால் தொட்டிலில் விழுவதுபோல் அந்தக் குறுக்கில் விழும். கூரையில் ஒரு காற்றுத் துளை வைத்தார். உறங்குபவரின் மூச்சிலுள்ள ஈரம் வெளியேறாவிட்டால் விடியலில் சுவரெல்லாம் நனைந்திருக்கும். அடுப்பை ஒருபோதும் உள்ளே மூட்டக் கூடாது என்பதும் அவர் விதித்த சட்டம். மூடிய அறையில் எரியும் அடுப்பின் நச்சுப் புகைக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரு சக்கர மோட்டார் சைக்கிள் திரும்பும்போது சாய்வதால் அதற்குச் சுழலும் இணைப்புத் தேவை. டிரைக் சாய்வதில்லையாதலால் சாதாரணக் குண்டிணைப்பே போதும் என்பதையும் விளக்கினார்.

எல்லாவற்றினும் மேலாக அவர் கவலைப்பட்டது ஏர்க்காலின் பாரத்தைப் பற்றி. மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, இணைப்பின் மேல் அழுந்த வேண்டும். அதற்காக அச்சைப் பெட்டியின் நடுவில் வைக்காமல் சற்றுப் பின்னால் வைத்தார். குளியலறையில் ஆள் ஏறி நின்று நிறுத்துக்கொள்ளும் எடைப் பொறியை ஏர்க்காலின் நுனிக்கு அடியில் வைத்துப் பார்த்தோம். முள் 15 கிலோவில் நின்றது. "இதற்குக் குறைந்தால் பின்புறம் நாயின் வாலாகிவிடும். வால் நாயை ஆட்டும்" என்றார். என் தந்தையாரின் முன்பாரமும் பின்பாரமும் எனக்கு நினைவு வந்தன. மகிழ்ச்சியோடு அவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். "உங்கள் தந்தை நல்ல ஆசிரியர்" என்றார். என் பிழை எத்தகைய மடமையிலிருந்து பிறந்தது என்பதை நீங்கள் உணரவேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். அறியாமையால் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை.

மே மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை வெள்ளோட்டம் என்று முடிவாயிற்று. செவ்வாய் மாலை எல்லாவற்றையும் ஏற்றி, நிறுத்து, சரிபார்த்துவிட்டு அவர் உள்ளே சென்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. அவருடைய உணவுப் பையைப் பார்த்திருந்தேன். ரொட்டியும் காப்பித்தூளும் சில பொட்டலங்களும்தான். பங்கிலுள்ள பெண்மணிகள் சிலர் அன்போடு கொடுத்த பழப்பாகுக் குப்பிகளும், அவரைத் தகரங்களும், மூடியுடன் கூடிய ஒரு வார்ப்பிரும்புச் சட்டியும் என் காரில் இருந்தன. வனத்தில் தனியே இருக்கும் மனிதர் ஒருவேளையாவது சூடாக உண்ணட்டுமே! பின்புறக் கதவைத் தூக்கி, சமையல் மேடையின் கீழ் அந்தப் பெட்டியை வைத்து, ஒரு துண்டால் மூடினேன். மறுநாள் அவர் கண்டு மகிழ்வார் என்று எண்ணி நானும் மகிழ்ந்தேன்.

காலையில் டிரைக்கில் வண்டியை இணைப்பதற்காக ஏர்க்காலைத் தூக்கியவர், சற்றே நின்றார். "இன்று இலேசாகத் தெரிகிறதே" என்றார். பெட்டியின் இரகசியம் வெளிப்பட்டுவிடுமே என்ற அவசரத்தில், "நேற்று நன்றாக உறங்கியிருப்பீர்கள்" என்று நகைத்தேன். அவரும் சிரித்துவிட்டுக் குண்டைப் பூட்டினார்.

அவர் முன்னால் செல்ல, நான் காரில் பின்தொடர்ந்தேன். ஊருக்குள் எல்லாம் சீராகவே இருந்தது. நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட சரிவு வந்தது. வேகம் மணிக்கு 55 மைல். அதாவது ஏறக்குறைய 88 கிலோமீட்டர். முதலில் அந்தச் சிறு வண்டி மெல்லத் தலையசைத்தது போலிருந்தது. பிறகு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிற்று. ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாயிற்று. டிரைக்கின் பின்பகுதியையே அது இழுத்து அசைப்பதைக் கண்டேன். எதிரே ஒரு பாரவண்டி வந்துகொண்டிருந்தது. இடச்சக்கரமா வலச்சக்கரமா என்று நான் பார்க்கவில்லை. ஒரு சக்கரம் சாலையோரச் சரளையில் இறங்கிப் புழுதி எழுந்தது. என் கைகள் விறைத்துப்போயின. அந்தப் பெட்டியின் நினைவு அந்தக் கணத்தில் எனக்கு வந்தது.

பெரியவர் தடையை மிதிக்கவில்லை. கைப்பிடியை இப்புறமும் அப்புறமும் திருப்பி ஆட்டத்தோடு போராடவும் இல்லை. நேராகப் பிடித்தவாறு, வேகத்தை மட்டும் படிப்படியாகக் குறைத்தார். வேகம் தணியத் தணிய ஆட்டமும் தணிந்தது. சரிவின் அடியில், சாலையோரமாக வண்டியை நிறுத்தினார். பாரவண்டி ஊதுகுழல் ஒலியோடு எங்களைக் கடந்து சென்றது. நான் ஓடிச் சென்றபோது அவர் இருக்கையிலேயே அமர்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. டிரெய்லரின் ஒரு சக்கரக் காப்பு நசுங்கியிருந்தது. அவ்வளவே. அதற்காக இன்றுவரை நான் நன்றி செலுத்துகிறேன்.

பிறருடைய குற்ற அறிக்கையைக் கேட்டுக் கேட்டுப் பழகிய எனக்கு, என் குற்றத்தைச் சொல்ல வாய் எழவில்லை. பின்கதவைத் திறந்து துண்டை விலக்கிக் காட்டினேன். அவர் நெடுநேரம் அந்தப் பெட்டியைப் பார்த்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மெதுவாகவே ஓட்டி வீடு திரும்பியதும் தராசை எடுத்து, பெட்டியை நிறுத்தார். 14 கிலோ. குறிப்பேட்டில் எழுதினார். பெட்டி இருந்த இடம் அச்சுக்குப் பின்னால் 120 சென்டிமீட்டர். அச்சிலிருந்து இணைப்புக் குண்டு 220 சென்டிமீட்டர். பதினான்கை நூற்றிருபதால் பெருக்கி இருநூற்றிருபதால் வகுத்தார். ஏறக்குறைய 7½ கிலோ. அதாவது, பின்னால் வைத்த என் அன்பளிப்பு, முன்னால் அழுந்தவேண்டிய 15 கிலோவில் சரிபாதியைத் தூக்கிவிட்டது; மொத்த எடையோ 162 ஆகிவிட்டது. பத்தில் ஒரு பங்கு இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. மாட்டின் கழுத்தைவிட்டு நுகம் எழுந்துவிட்டது!

"என் கை எனக்குச் சொல்லிற்று, ஃபாதர். இலேசாக இருக்கிறது என்று சொல்லிற்று. எடைப் பொறியை எடுத்துவர நான் சோம்பினேன். அது என் பங்கு" என்றார் அவர். அந்தப் பெருந்தன்மை, அவர் கடிந்துகொண்டிருந்தால் ஏற்பட்டிருக்கும் வேதனையைவிட மிகுதியான வேதனையை எனக்குத் தந்தது. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உரைத்ததைக் குருமடத்தில் சேருமுன்பே மனப்பாடம் செய்தவன் நான். ஆனால் நான் ஏற்றியது மயிலிறகு என்றே எனக்குத் தோன்றவில்லை. அது அன்பு என்றல்லவா தோன்றிற்று! அன்புக்கு எடையில்லை என்று நம்பியதுதான் என் பிழையின் வேர்.

சனிக்கிழமை அவருடைய மகள் வந்தார். நசுங்கிய சக்கரக் காப்பைக் கண்டதும் முகம் மாறிற்று. "வெள்ளோட்டத்தில் சற்று ஆடிற்று. சரிசெய்துவிட்டேன்" என்றார் தந்தை. என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "இதைத்தானே நான் அஞ்சினேன்! உங்களுக்கு வயதாகிவிட்டது, அப்பா. ஒப்புக்கொள்ளுங்கள்" என்று அவர் குரலுயர்த்தினார். அப்போது நான் வாய்மூடி இருந்திருந்தால், அந்த முதியவருடைய பயணம் அன்றோடு முடிந்திருக்கும். அவர் கட்டியது பிழையானது என்ற பழியும் அவர்மீதே நின்றிருக்கும். "அம்மா, வண்டியிலும் குற்றமில்லை, உங்கள் தந்தையிடமும் குற்றமில்லை. அவரிடம் சொல்லாமல் பின்புறத்தில் பாரம் ஏற்றியவன் நான். அவர் கேட்டபோதும் மறைத்தேன்" என்று நடந்ததை நடந்தவாறே சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "அவர் இறந்திருந்தால்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. வெகுநேரம் எவரும் பேசவில்லை. பின்னர் அவர் அங்கே கிடந்த நீலக் குறிப்பேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டத் தொடங்கினார். திருகாணிகளின் எடை, கதவுக் கீல்களின் எடை, ஒவ்வொரு பொருளும் அச்சிலிருந்து எவ்வளவு தொலைவு என்ற கணக்கு எல்லாம் அதில் இருந்தன. தந்தை தம் உயிரை விளையாட்டாக எண்ணவில்லை என்பதற்கு அந்தக் குறிப்பேட்டைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கடைசிப் பக்கத்திற்கு வந்ததும், "மீதி 2 கிலோ, இது எதற்கு?" என்று கேட்டார். "மறந்துபோனவற்றுக்கு" என்றார் தந்தை.

அவர் எழுந்து வீட்டினுள் சென்று, நீல எனாமல் பூசிய பழைய காப்பிக் கெண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கூடாரத்தில் தங்கிய காலமெல்லாம் தாயார் காப்பி வடித்த கெண்டி அது. அதை வண்டிக்குள் வைக்கவில்லை, தந்தையின் முன் நீட்டி, "இதை வைக்கலாமா?" என்று கேட்டார். தராசு 700 கிராம் காட்டிற்று. பெரியவர் குறிப்பேட்டில் எழுதினார்; அச்சுக்கு முன்புறத்தில், தலையணைக்கு அருகில் அதற்கு ஓர் இடம் கொடுத்தார். நாள்தோறும் மாலையில் தொலைபேசியில் பேச வேண்டும் என்று மகள் ஒரு நிபந்தனை விதித்தார். அதையும் அவர் ஏற்றுக்கொண்டார். தடுத்து நிறுத்துங்கள் என்று என்னிடம் சொன்ன அதே பெண்மணி, மறுவாரம் தாமே காரில் பின்தொடர்ந்து இரண்டாம் வெள்ளோட்டத்தைக் கண்டார். அதே சரிவில், அதே வேகத்தில், வண்டி கோடு பிடித்தாற்போல் நேராகச் சென்றது.

ஜூன் மாதத்தில் அவர் இட்டாஸ்கா ஏரிக்குப் புறப்பட்டார். அதைச் சுற்றியுள்ள வனம் 1891ஆம் ஆண்டு முதல் மாநிலப் பூங்காவாகக் காக்கப்பட்டு வருகிறது. ஒருநாள் விடுப்பெடுத்து நானும் அங்கே சென்று அவரைக் கண்டேன். 3,700 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் மிசிசிப்பிப் பேராறு, அந்த ஏரியிலிருந்து ஒரு சிற்றோடையாகப் புறப்படுகிறது. குழந்தைகளும் கற்களின் மேல் கால்வைத்து அதைக் கடந்துவிடுகிறார்கள். 1832ஆம் ஆண்டில் ஒஜிப்வே மக்களின் தலைவரான ஒசாவிந்திப் வழிகாட்ட, ஸ்கூல்கிராஃப்ட் என்னும் ஆராய்ச்சிப் பயணி அங்கே வந்து சேர்ந்தார். 'வெரித்தாஸ் காப்புத்' என்னும் இலத்தீன் சொற்களில் முன்னும் பின்னும் சில எழுத்துகளை வெட்டிவிட்டு, நடுவில் எஞ்சியதை அந்த ஏரிக்குப் பெயராக வைத்தார். 'உண்மை', 'தலை' என்பன அவற்றின் பொருள். ஆற்றின் உண்மையான தலைப்பு இதுவே என்று அவர் குறித்தார். பெரியவருக்கு இதை விளக்கினேன். "பெயரிலும் பாரத்தைக் குறைத்திருக்கிறார் பாருங்கள்! தலையையும் வாலையும் வெட்டிவிட்டார், ஆயினும் பொருள் கெடவில்லை" என்று சொல்லிச் சிரித்தார். நீலக் கெண்டியில் வடித்த காப்பியை ஆளுக்கொரு குவளை அருந்தினோம். வார்ப்பிரும்புச் சட்டியை நான் கொண்டு செல்லவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

2020ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி, இப்போது ஒரு கிராமப் பங்கில் இருக்கிறேன். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பும் பெற்றோர் பலரைக் காண்கிறேன். பெட்டி நிறையப் பலகாரமும், மனம் நிறைய எதிர்பார்ப்பும் வைத்து அனுப்புகிறார்கள். 'உனக்காகத்தானே' என்ற துண்டால் மூடி வைக்கிறார்கள். முதியோரை வீட்டிலிருத்திப் 'பேசாமல் படுத்திருங்கள்' என்று சொல்லும் பிள்ளைகளையும் காண்கிறேன். அவர்களுக்குப் புத்தி சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், அந்தச் சரிவில் ஆடிய வண்டி என் கண்முன் வந்து நிற்கிறது. அவர்களைப் போலத்தானே நானும் ஏற்றினேன்!

ஆகையால் இப்போது ஒன்று மட்டும் சொல்கிறேன். கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கொடுக்குமுன் கேளுங்கள். 'இதை வைக்கலாமா? எங்கே வைக்கலாம்?' என்று கேளுங்கள். பாதையும் சரிவும் ஓட்டுபவருக்கே தெரியும். அவர் 'இலேசாக இருக்கிறதே' என்றோ 'கனமாக இருக்கிறதே' என்றோ சொல்லும்போது, சிரித்து மழுப்பிவிடாதீர்கள். என் தந்தையார் தம் தோளால் தூக்கிப் பார்த்த நுகத்தடி, மாடுகளின் கழுத்துக்கு உரியது, தமது அல்ல. ஆயினும் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அவர் தூக்கிப் பார்த்தார்.